நாற்சந்தியில் ஒரு பெருக்கல் குறி: எல்லாத் திசைப் பாதசாரிக் கடப்பு எப்படி வேலை செய்கிறது?

நான்கு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. நான்கு மூலைகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் சாலையில் இறங்குகிறார்கள். சிலர் நேராக, சிலர் எதிர்மூலையை நோக்கிக் குறுக்காக. சற்று நேரம் சாலை முழுக்க மனிதத் தலைகள். பிறகு யாரோ துணியால் துடைத்ததுபோல் சந்திப்பு காலியாகி, வண்டிகள் மறுபடி ஓடுகின்றன. டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பில் எடுத்த இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு.

பார்த்த கையோடு இரண்டு கருத்துகள் கிளம்பும். தரையில் ஒரு பெருக்கல் குறி வரைந்துவிட்டால் நடப்பவர்கள் சீக்கிரம் போய்விடலாம் என்பது ஒன்று. எல்லா வண்டியையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் போக்குவரத்து நாறிவிடும் என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. அந்தக் குறி வெறும் பெயிண்ட். வேலை செய்வது சிக்னல் பெட்டிக்குள் ஒதுக்கிவைத்த இருபது, முப்பது வினாடிகள். அந்த வினாடிகளை யாரிடமிருந்து எடுக்கிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

லிஃப்ட் கதவிலிருந்து தொடங்குவோம்

லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே எட்டுப் பேர், வெளியே எட்டுப் பேர். இரு தரப்பும் ஒரே சமயத்தில் நகர்ந்தால் தோளோடு தோள் இடித்து, யாரும் நகர முடியாமல் நிற்பார்கள். முதலில் உள்ளிருப்பவர்கள் வெளியேறட்டும், பிறகு நாம் நுழைவோம் என்று ஒதுங்கி நின்றால் வேலை சுலபமாக முடிகிறது. கதவின் அகலம் கூடவில்லை. ஒரே இடத்தை இரு தரப்பும் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்தியதுதான் வித்தியாசம்.

சாலையில் மோதலைத் தவிர்க்கவும் இந்த இரண்டு வழிதான் உண்டு. இடத்தால் பிரிக்கலாம்: மேம்பாலம், சுரங்கப்பாதை. அல்லது நேரத்தால் பிரிக்கலாம்: சிக்னல். எல்லாத் திசைக் கடப்பு என்பது நேரத்தால் பிரிப்பதை அதன் எல்லைவரை கொண்டுபோவது. நடப்பவர்களுக்கு ஒரு நேரம், வண்டிகளுக்கு வேறு நேரம், இரண்டும் ஒரு வினாடிகூடக் கலக்காது.

'சிக்னல் இருக்கும் எல்லாச் சந்திப்பிலும் அப்படித்தானே நடக்கிறது?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. பலருக்கும் குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

சாதாரணச் சந்திப்பில் பச்சையோடு பச்சை மோதும்

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு தரப்புக்குப் பச்சை கிடைத்து அது முடியும்வரையிலான பகுதிக்குக் கட்டம் என்று பெயர். எல்லாத் தரப்புக்கும் ஒருமுறை வாய்ப்புக் கிடைத்து மறுபடி முதல் தரப்புக்கே திரும்பிவர ஆகும் மொத்த நேரம் சுற்று. ஒரு சுற்று பெரும்பாலும் 60 முதல் 120 வினாடிக்குள் இருக்கும்.

இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் சாதாரணச் சந்திப்பில் இரண்டு கட்டங்கள் போதும். வடக்கு-தெற்கு வண்டிகளுக்குப் பச்சை எரியும்போது, அவற்றுக்கு இணையாக நடப்பவர்களுக்கும் பச்சை மனிதன் எரிவான். நேராகப் போகும் வண்டிக்கும் இணையாக நடப்பவருக்கும் எந்த உரசலும் இல்லை. தொல்லை தருவது திரும்பும் வண்டி. அதற்கும் பச்சை, அது திரும்பி நுழையும் சாலையைக் கடந்துகொண்டிருக்கும் ஆளுக்கும் பச்சை. இருவரிடமும் நியாயம் இருக்கிறது, பாதை ஒன்றையொன்று வெட்டுகிறது. வண்டிதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. விட்டுக்கொடுப்பது ஓட்டுநரின் கண்ணையும் மனதையும் நம்பியிருக்கிறது.

அந்தக் கண் அப்போது எங்கே இருக்கிறது? எதிரே வரும் வண்டிகளை வெட்டித் திரும்புபவர் (இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது திருப்பம், வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது திருப்பம்) எதிர்வரிசையில் இடைவெளி தேடிக்கொண்டிருக்கிறார். இடைவெளி கிடைத்ததும் சட்டென்று வேகமெடுத்துத் திரும்புகிறார். நடப்பவர் கண்ணில் படுவது அதற்குப் பிறகு. ஓரத்தை ஒட்டிய திருப்பத்தில் வேறு சிக்கல்: நீளமான லாரியோ பேருந்தோ திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். நடைபாதை விளிம்பில் நிற்பவரின் கால்வரை அது வந்துவிடும்.

இதுவரை சொன்னது: சாதாரணச் சந்திப்பில் நடப்பவரும் திரும்பும் வண்டியும் ஒரே கட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஆபத்தின் பெரும்பகுதி அந்தப் பங்கில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கட்டம்

இப்போது இரண்டு வண்டிக் கட்டங்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறோம். அதில் எல்லா வண்டிக்கும் சிவப்பு, எல்லாப் பாதசாரிக்கும் பச்சை. இதைப் பாதசாரி தனிக்கட்டம் என்போம். திரும்பும் வண்டியே இல்லாத நேரம் இது. ஆகவே மேலே சொன்ன மோதலுக்கு வாய்ப்பே இல்லை.

இதுதான் மூலப்பொருள். குறுக்காக நடப்பது இதன் உபரி. எல்லா வண்டியும் நின்றுவிட்ட பிறகு நடுச்சந்தி சும்மாதானே கிடக்கிறது, அதன் வழியாகவும் போகட்டுமே என்று அனுமதிப்பதுதான் பெருக்கல் குறி. குறி இல்லாமலும் தனிக்கட்டம் உண்டு. பிரிட்டனில் பல சந்திப்புகளில் எல்லா வண்டியையும் நிறுத்தி எல்லாப் பக்கமும் பச்சை மனிதன் எரிவான். தரையில் குறுக்குக் கோடு மட்டும் இருக்காது. ஜப்பானில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே இருக்கிறது. ஆக, பெயிண்ட் இல்லாமல் தனிக்கட்டம் இருக்கலாம். தனிக்கட்டம் இல்லாமல் பெயிண்ட் மட்டும் இருந்தால் அது ஆளைக் கொல்லும் அலங்காரம்.

தனிக்கட்டத்திலும் இரண்டு ரகம் உண்டு. கண்டிப்பான ரகத்தில் நடப்பவர்கள் அந்தக் கட்டத்தில் மட்டுமே கடக்கலாம். வண்டிகள் ஓடும்போது எல்லாப் பக்கமும் சிவப்பு மனிதன். தாராள ரகத்தில் தனிக்கட்டமும் உண்டு, வழக்கம்போல இணையான வண்டிகளோடு கடக்கவும் செய்யலாம். இரண்டாவதைக் கேட்டதும் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சந்திப்பில் திருப்பங்களை முழுதாகத் தடைசெய்தால்தான் அது உண்மையிலேயே நன்றாக இருக்கும். தடைசெய்யாவிட்டால் பழைய மோதல் அப்படியே திரும்பிவரும்.

அந்த 28 வினாடி எப்படி வந்தது?

ஒரு மாதிரிச் சந்திப்பை வைத்துக்கொள்வோம். இரண்டு சாலைகளும் 15 மீட்டர் அகலம், செங்குத்தாக வெட்டுகின்றன. நேராகக் கடக்க 15 மீட்டர். குறுக்காகக் கடக்க, சதுரத்தின் மூலைவிட்டம் என்பதால் 1.41 மடங்கு: 21 மீட்டருக்குச் சற்று மேல்.

பாதசாரிப் பச்சையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது புறப்பாட்டு நேரம்: விளக்கு நிலையாக எரியும், அப்போது சாலையில் இறங்கலாம். குறைந்தது 7 வினாடி கொடுப்பது பரவலான வழக்கம். விளக்கைப் பார்த்து, மனதில் வாங்கி, காலெடுத்து வைக்க அவ்வளவு வேண்டும். இரண்டாவது கடந்து முடிக்கும் நேரம்: விளக்கு சிமிட்டும், அல்லது எண்கள் இறங்கிக்கொண்டே வரும். புதிதாக யாரும் இறங்கக் கூடாது. புறப்பாட்டு நேரத்தின் கடைசி நொடியில் இறங்கியவர் மறுகரை சேரத் தேவையான நேரம் இது.

இரண்டாவது பகுதியின் கணக்கு நேரானது: தூரத்தை நடைவேகத்தால் வகுக்க வேண்டும். நடைவேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்தால் நேர்க்கடப்புக்கு 12.5 வினாடி, குறுக்குக் கடப்புக்கு 18 வினாடி. முதியவர்களும் குழந்தைகளும் அதிகம் நடக்கும் இடத்தில் 0.9 மீட்டர் என்று எடுப்பதே நியாயம். அப்போது குறுக்குக்கு 24 வினாடி ஆகிவிடும். இங்கே 1.2 மீட்டரையே வைத்துக்கொள்வோம். 7-உம் 18-உம் சேர்த்து 25. கடைசி ஆள் மறுகரை ஏறியதற்கும் முதல் வண்டி புறப்படுவதற்கும் நடுவே 3 வினாடி இடைவெளி. மொத்தம் 28.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. பழைய நேர்க்கடப்புக்குக் கணக்கிட்ட 12.5 வினாடியை மாற்றாமல் தரையில் குறுக்குக் கோடு மட்டும் வரைந்துவிடுவார்கள். கடைசி நொடியில் குறுக்காக இறங்கியவர் விளக்கு மாறும்போது இன்னும் 6 மீட்டர் தள்ளி நடுச்சாலையில் இருப்பார்.

கூட்டம் பெரிதானால் அந்த 7 வினாடியும் போதாது. 4 மீட்டர் அகலமுள்ள மூலையிலிருந்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு ஒருவர் வீதம் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். 40 பேர் நின்றால் கடைசி வரிசை சாலையில் கால் வைக்கவே 10 வினாடி. விளக்கு மாறியதைக் கவனிக்கும் 3 வினாடியைச் சேர்த்தால் 13. புறப்பாட்டு நேரம் 7 என்றால் பின்வரிசைக்காரர்கள் சிமிட்டும் விளக்கில்தான் இறங்குவார்கள். அவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று திட்டிப் பயனில்லை, கணக்கு தப்பு.

நடப்பவருக்கு நேரம் மிச்சமாகிறதா?

பலரையும் ஏமாற்றும் கேள்வி இது. எதிர்மூலைக்கு இரண்டு முறை கடப்பதற்குப் பதில் ஒரே முறை கடக்கிறோம், நேரம் மிச்சம்தானே? நடை மிச்சம். காத்திருப்புதான் கூடிவிடுகிறது.

மாற்றத்துக்கு முன், மாதிரிச் சந்திப்பின் சுற்று 90 வினாடி, ஒவ்வொரு சாலைக்கும் 45 என்று வைப்போம். அதற்குள் பாதசாரிக்குப் புறப்பாட்டு நேரம் 26 வினாடி கிடைக்கும். தனிக்கட்டம் வந்த பிறகு, 90 வினாடிச் சுற்றில் புறப்பாட்டு நேரம் 7 வினாடி மட்டும். முன்பு 64 வினாடிக் கதவடைப்பு, இப்போது 83 வினாடிக் கதவடைப்பு.

ஒரு மூலைக்கு ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று கொண்டு சராசரி பார்த்தால்: ஒரு சாலையை மட்டும் கடப்பவருக்குக் காத்திருப்பும் நடையும் சேர்த்து முன்பு சுமார் 35 வினாடி ஆனது, இப்போது 51. எதிர்மூலைக்குப் போகிறவருக்கு முன்பு 54, இப்போது 56. சுற்றை 120 வினாடியாக நீட்டினால் நிலைமை மோசம்: ஒரு சாலைக்கு 66, எதிர்மூலைக்கு 71.

ஆச்சரியமாக இருக்கும். பழைய முறையில் சுற்றின் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஏதாவது ஒரு திசை திறந்திருந்தது. எதிர்மூலைக்காரர் திறந்த பக்கமாகப் போய், அடுத்த பக்கத்துக்குக் காத்திருந்தார். புதிய முறையில் எல்லாக் கதவும் ஒன்றாக மூடி ஒன்றாகத் திறக்கின்றன. குறுக்காக நடந்து மிச்சம் பிடித்ததைக் காத்திருப்பு விழுங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய முறையின் 35 வினாடி, திரும்பும் வண்டி வழிமறிக்காது என்ற நம்பிக்கையில் போட்டது. பரபரப்பான சந்திப்பில் பச்சை மனிதனைப் பார்த்தபடியே நடுவில் நின்று வண்டிகளுக்கு வழிவிட்டவர்களுக்கு அந்த நம்பிக்கையின் மதிப்பு தெரியும்.

சுருக்கமாக: தனிக்கட்டம் கொடுப்பது பாதுகாப்பும் நிம்மதியும். நேர மிச்சம் அதன் இயல்பான விளைவு இல்லை. கொஞ்சமாவது மிச்சம் வேண்டுமென்றால் சுற்றைக் குட்டையாக வைத்திருக்க வேண்டும்.

வண்டிகளுக்கு நஷ்டமா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். 90 வினாடியில் 28 போய்விட்டால் மீதி 62. ஒரு சாலைக்கு 31. அதில் மஞ்சளுக்கும் எல்லாம் சிவப்பாக இருக்கும் இடைவெளிக்கும் 5 வினாடி கழித்தால் உண்மையான பச்சை 26. முன்பு 40 இருந்தது. பச்சையில் ஒரு வரிசையிலிருந்து ஏறத்தாழ 2 வினாடிக்கு ஒரு வண்டி போகும், புறப்படும் தாமதத்தில் முதல் 2 வினாடி வீண். நேராகப் போகும் வரிசையில் முன்பு 19 வண்டி போனது, இப்போது 12. நஷ்டம் கண்ணெதிரே தெரிகிறது.

இனித் திரும்பும் வரிசையைப் பாருங்கள். பழைய முறையில் பச்சை விழுந்ததும் நடப்பவர்கள் கூட்டமாக இறங்கிவிடுவார்கள். நெரிசல் நேரத்தில் அவர்களுக்கிடையே சந்து கிடைக்காது. 40 வினாடிப் பச்சையில் முதல் 30 வினாடிக்கு மேல் அவர்களுக்கே போய்விடும். கடைசியில் மூன்று நான்கு வண்டி திரும்பும். அதே வரிசையில் திரும்ப முடியாமல் நிற்கும் ஒரு வண்டிக்குப் பின்னால், நேராகப் போக வேண்டியவையும் மாட்டிக்கொள்ளும். தனிக்கட்டம் வந்த பிறகு 26 வினாடியும் தடையற்ற பச்சை: 12 வண்டி. காகிதத்தில் இழந்த பச்சையில் ஒரு பகுதி ஏற்கெனவே பயன்படாமல் கிடந்த பச்சைதான்.

ஆகவே விடை சந்திப்பைப் பொறுத்தது. நடப்பவர் ஏராளம், திரும்பும் வண்டியும் ஏராளம் என்றால் வண்டிகளுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, சில வரிசைகளுக்கு லாபம்கூட உண்டு. நடப்பவர் குறைவு, வண்டிகள் பெரும்பாலும் நேராகப் போகின்றன என்றால் நஷ்டம் முழு நஷ்டம். 'ஷிபுயாவில் முடிகிறதே' என்று எல்லாச் சந்திப்புக்கும் ஒரே வாதம் வைப்பதும், 'ஊர் நின்றுவிடும்' என்று எல்லா இடத்திலும் மறுப்பதும், இரண்டுமே எண்ணிப் பார்க்காத பேச்சு.

இன்னொரு கண்ணி: சிக்னல்கள் தனித்தனியாக ஓடுவதில்லை. ஒரு சாலையில் அடுத்தடுத்த சந்திப்புகளில் பச்சை தொடர்ந்து கிடைக்க வேண்டுமென்றால் அவை எல்லாம் ஒரே சுற்று நேரத்தில், அல்லது அதன் பாதியில் ஓட வேண்டும். நடுவில் ஒன்றுக்கு மட்டும் 28 வினாடி சேர்த்து 118 ஆக்கினால், 90 வினாடியில் ஓடும் பக்கத்துச் சந்திப்போடு தாளம் தப்பும். ஒரு சுற்றில் பச்சையாகச் சந்திக்கும் வண்டிக்கூட்டம் அடுத்த சுற்றில் சிவப்பில் முட்டும்.

நடுவில் ஒருவர்மேல் ஒருவர் மோத மாட்டார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். எதிரெதிரே வரும் இரண்டு கூட்டம் சந்திக்கும்போது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நீள வரிசைகளாகப் பிரிந்துவிடும். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டி நடப்பது, எதிரே வருபவரின் நெஞ்சை விலக்கி நடப்பதைவிடச் சுலபம். ஒவ்வொருவரும் அந்தச் சுலபத்தைத் தேடுவதால் வரிசைகள் தாமாக உருவாகின்றன. செங்குத்தாக வெட்டும் இரண்டு கூட்டங்களில் அவை சாய்ந்த பட்டைகளாக அமையும். கூட்ட நடையை ஆராய்பவர்கள் வெகுகாலமாக அறிந்த விஷயம் இது.

இந்த மாயம் ஓர் அளவுவரைதான். சதுர மீட்டருக்கு ஓர் ஆள் வரை நடைவேகம் அதிகம் குறையாது. இரண்டு பேரானால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நம் மாதிரிச் சந்திப்பின் நடுப்பரப்பு 15-ஐ 15-ஆல் பெருக்கி 225 சதுர மீட்டர். 200 பேர்வரை சிரமமில்லை. 400 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் 1.2 மீட்டர் வேகம் என்ற நம் அனுமானம் கவிழ்ந்து, 18 வினாடி போதாமல்போகும். ஷிபுயாவில் நெரிசல் நேரத்தில் ஒரு பச்சைக்கு 3,000 பேர்வரை கடப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அங்கே பரப்பும் நேரமும் அதற்கேற்பப் பெரியவை.

மூலையில் நிற்க இடம் இருக்கிறதா?

வரைபடத்தில் எல்லோரும் பார்ப்பது நடுச்சந்தியை. நடைமுறையில் முதலில் நிரம்பி வழிவது மூலை. மணிக்கு 600 பேர் ஒரு மூலைக்கு வந்தால், 120 வினாடிச் சுற்றில் கதவு மூடியிருக்கும் 113 வினாடியில் 19 பேர் சேர்ந்துவிடுவார்கள். பழைய முறையில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் என்று அவ்வப்போது கழிந்துகொண்டிருந்ததால் பத்துப் பேருக்கு மேல் சேரவில்லை. ஆளுக்கு அரை சதுர மீட்டர் என்றாலும் 10 சதுர மீட்டர் வேண்டும். கடக்காமல் நடைபாதையிலேயே திரும்பிப் போகிறவர்களுக்கு இன்னும் 2 மீட்டர் அகலம் விட வேண்டும்.

அந்த இடத்தில்தான் விளக்குக் கம்பம், சிக்னல் பெட்டி, குப்பைத்தொட்டி, விளம்பரப் பலகை எல்லாம் குடியிருக்கும். லண்டனின் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் 2009-இல் குறுக்குக் கடப்பு திறந்தபோது, தரைக்கோடுகளோடு மூலைகளை அடைத்திருந்த தடுப்புக் கம்பிகளையும் இதர பொருள்களையும் அகற்றியதும் திட்டத்தின் முக்கியப் பகுதி. கோடு போட்டு, கம்பியை விட்டுவைத்தால் கடக்கவே முடியாது.

நடைபாதை விளிம்பின் சரிவையும் பார்க்க வேண்டும். வழக்கமாக ஒவ்வொரு மூலையிலும் இரண்டு நேர்க்கடப்புகளுக்கு நேராக இரண்டு சரிவுகள் இருக்கும். குறுக்காக இறங்கும் இடத்தில் படிபோல உயரம் அப்படியே நிற்கும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ அங்கே மாட்டும். மூலை முழுவதையும் வளைவாகத் தாழ்த்துவது தீர்வு. ஆனால் அப்போது நடைபாதை எங்கே முடிகிறது என்று கோலால் தொட்டு அறிபவருக்குத் தெரியாது. ஆகவே தாழ்த்திய விளிம்பு நெடுகிலும் குமிழ் ஓடு பதிப்பது கட்டாயம்.

எங்கே தவறுகிறது

முதல் எதிரி, சிவப்பிலும் திரும்ப அனுமதிக்கும் விதி. சில நாடுகளில் சிவப்பு எரிந்தாலும் ஓரத்தை ஒட்டிய திருப்பத்தை நின்று பார்த்து எடுக்கலாம். சில இடங்களில் அதற்கென்றே தனி வழி வெட்டி விட்டிருப்பார்கள். தனிக்கட்டம் வைத்த சந்திப்பில் இது இருந்தால், எல்லா வண்டியும் நிற்கிறது என்று நம்பி இறங்கியவரின்மேல் அந்த ஒரு வண்டி வரும். முன்பாவது அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். சிவப்புத் திருப்பத்தைத் தடைசெய்யாத தனிக்கட்டம், தனிக்கட்டமே இல்லாததைவிட மோசம்.

இரண்டாவது, பொறுமை. கண்டிப்பான ரகத்தில் ஓடும் வண்டிகளுக்கு இணையாக ஆள் நின்றுகொண்டிருக்க வேண்டும். தன் பாதையில் எந்த வண்டியும் இல்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு மனிதன் இன்னும் ஒரு நிமிடம் எரியும் என்றும் தெரிகிறது. இறங்கிவிடுவார். திரும்பும் ஓட்டுநரோ இப்போது பாதை தனக்கே என்று பழகி முன்பைவிட வேகமாக வருகிறார். காத்திருப்பு நீள நீள இந்த மீறல் கூடும். 120 வினாடிச் சுற்றை விரும்பாததற்குப் பெரிய காரணம் இதுதான்.

மூன்றாவது, விளக்கின் கோணம். பாதசாரி விளக்குகள் நேர்க்கடப்புகளை நோக்கித் திரும்பியிருக்கும். எதிர்மூலையில் நிற்பவருக்கு அவை பக்கவாட்டில்தான் தெரியும். குறுக்குக் கடப்புக்கு ஒவ்வொரு மூலையிலும் 45 டிகிரி திருப்பிய கூடுதல் விளக்கு வேண்டும். நடுவழியில் இருப்பவருக்கு எஞ்சிய வினாடி தெரிவது இங்கே நேர்க்கடப்பைவிட முக்கியம், ஏனென்றால் அவர் எந்தக் கரைக்கும் அருகில் இல்லை.

சாலையின் முதுகும் கவனிக்கத் தக்கது. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சரியும். இரண்டு சாலைகளின் முதுகுகள் சேரும் நடுச்சந்தியில் மேடு, பள்ளம், மூடிகள் எல்லாம் கூடும். சக்கரங்களுக்கு அது பொருட்டல்ல. இருபது மீட்டர் நடப்பவருக்குப் பொருட்டு. பட்டையடிக்கும் பெயிண்ட் ஈரத்தில் வழுக்கும் ரகமாக இருந்தால் இன்னும் சிக்கல்.

பார்வையற்றவருக்கு

பார்வையற்ற பாதசாரி, சிக்னல் மாறியதை இணையான வண்டிகள் புறப்படும் ஓசையால் அறிகிறார். அந்த ஓசையின் கோட்டுக்கு இணையாக நடந்து திசை தவறாமல் மறுகரை சேர்கிறார். தனிக்கட்டத்தில் எல்லா வண்டியும் நிற்பதால் அந்த இரண்டு தகவலும் போய்விடுகின்றன. எப்போது இறங்குவது, எந்தப் பக்கம் நேர் என்பதை வேறு வழியில் சொல்ல வேண்டும்: ஒலி எழுப்பும் சிக்னல், தொட்டால் அதிரும் பொத்தான், திசை காட்டும் தரை ஓடு. இவை இல்லாமல் வைக்கும் தனிக்கட்டம், பார்வையுள்ளவருக்குப் பாதுகாப்பு கூட்டிப் பார்வையற்றவருக்குக் குறைத்துவிடும்.

பெயரும் பிறப்பும்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு பார்ன்ஸ் டான்ஸ் என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. ஹென்றி பார்ன்ஸ் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்; டென்வரில் இதைப் பரவலாக்கி, பால்டிமோருக்கும் 1960-களில் நியூயார்க்குக்கும் கொண்டுபோனவர். கண்டுபிடித்தவர் அவர் இல்லை. 1940-களின் பிற்பகுதியிலேயே கான்சாஸ் சிட்டியிலும் வான்கூவரிலும் இது இருந்தது. ஜப்பானில் 1960-களின் இறுதியில் தொடங்கி, ஷிபுயாவுக்கு 1973-இல் வந்தது. பெயரைப் பிரபலமாக்கிய டென்வரோ 2011-இல் அதைக் கைவிட்டது. ஒரு காலத்துக்குப் பொருந்திய நேரக்கணக்கு, ரயிலும் வண்டியும் மாறிய பிறகும் பொருந்தவேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கே வைக்கலாம், எங்கே வேண்டாம்

நடப்பவர் கூட்டமும் திரும்பும் வண்டிகளும் ஒருசேர அதிகமாக இருக்க வேண்டும். சாலைகள் மிக அகலமாக இருக்கக் கூடாது: 30 மீட்டர் சாலைகள் இரண்டு சேர்ந்தால் குறுக்குக் கடப்பு 42 மீட்டர், கடந்து முடிக்க மட்டும் 35 வினாடி. எதிர்மூலைக்கே போகிறவர்கள் கணிசமாக இருக்க வேண்டும். ரயில் நிலைய வாசல் ஒரு மூலையிலும் கடைத்தெரு எதிர்மூலையிலும் இருந்தால் அப்படி அமையும். அதை அறிய எளிய வழி உண்டு. நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒரு மூலையில் நின்று, அடுத்தடுத்து இரண்டு சாலையையும் கடப்பவர்களைத் தனியே எண்ண வேண்டும். பத்தில் ஒருவர்தான் என்றால் குறுக்குக் கோட்டுக்காக 18 வினாடி ஒதுக்குவது வீண். கோடில்லாத தனிக்கட்டம் போதும், நம் மாதிரிச் சந்திப்பில் ஒவ்வொரு சுற்றிலும் 5 வினாடிக்கு மேல் மிச்சமாகும்.

தனிக்கட்டமே அதிகம் என்று தோன்றும் இடத்தில் மலிவான மாற்று ஒன்று இருக்கிறது. வண்டிக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 வினாடி முன்பே, இணையாக நடப்பவருக்குப் பச்சையைக் கொடுத்துவிடுவது. வண்டி நகர்வதற்குள் அவர் சாலையின் நடுவுக்கு வந்துவிடுவார். திரும்பும் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, தவறவிட முடியாத இடத்தில் இருப்பார். மோதல் முழுதாக நீங்காது, ஆனால் 28 வினாடிக்குப் பதில் 5 வினாடியில் அதன் கூர்மை மழுங்கும். பெரும்பாலான சந்திப்புகளில் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதைத்தான். சிக்னல் பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும், ஒரு டப்பா பெயிண்ட்கூடத் தேவையில்லை.